மச்சான் பிடித்த கயிறு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. மரம் ஏறுகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே நின்று பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்கவேண்டும். கூடப்பிறந்தவன் வேண்டாம், அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். சிநேகிதனும் வேண்டாம், அவன் எந்த நேரத்தில் பீடி பற்றவைக்க ஒதுங்குவான் என்று சொல்லமுடியாது. மனைவியோடு பிறந்தவன்தான் சரி. அவன் கை நழுவினால் தாலியை இழப்பது அவனுடைய தங்கை. இழந்துவிட்டு அவள் வந்து உட்காரப்போவதும் அவன் வீட்டில்தான். இதை யோசித்து வைத்தவர் யாரோ, குடும்பம் நடத்திப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இதனால் மரம் ஏறுகிற வீட்டார் பெண் பார்க்கவந்தால் பெண்ணைப் பார்க்கமாட்டார்கள். பெண்ணின் அண்ணனைப் பார்ப்பார்கள். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அண்ணனின் தோளைப் பார்த்தார்கள், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், கிணற்றில் தண்ணீர் இறைத்துக் காட்டச் சொன்னார்கள். அவன் இறைத்த வேகத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. உள்ளே பட்டுப்புடவையும் தலை நிறைய கனகாம்பரமுமாக நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். "பொண்ணையும் ஒரு தடவ பாத்துடலாமே" என்று யாரோ ஞாபகப்படுத்திய பிறகுதான் என்னை வெளியே கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

எனக்கு மூக்குமேல் கோபம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய், என் வீட்டுக்காரரையும் என் அண்ணனையும் ஒரே நேரத்தில் வைத்து வேலை வாங்கிப் பார்க்கட்டும், பிறகு தெரியும்.

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கத்து பங்களாக்களில் அப்போது சில்வர் ஓக் மரங்கள் நிறைய. நட்ட துரைமார்கள் அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். மரம் மட்டும் ஓட்டுக்கூரைக்கு மேலே வளர்ந்துகொண்டே போகும். மழைக்காலம் வருவதற்குள் கிளை கழிக்க எங்களைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் மேலே ஏறுவார். அவர் இடுப்புக் கயிறு உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கவட்டைக்கு மேலாகப் போய்க் கீழே இறங்கும். அதைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அண்ணன் பிடித்துக்கொள்வான். இது ஆள் கயிறு. முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கும், அதையும் மச்சான்தான் போடுவான். ஏறினவன் பதற்றத்தில் தானே அவிழ்த்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

இன்னொன்று கிளைக் கயிறு, அது என் கையில். வெட்டப்போகும் கிளையின் நுனியில் அதைக் கட்டியிருப்பார். கடைசி வெட்டுக்கு முன்னால் "வருது!" என்று குரல் கொடுக்கவேண்டும். குரல் வந்ததும் நான் இழுப்பேன், கிளை கூரையை விட்டு விலகி முற்றத்தில் விழும். குரல் வராமல் நான் இழுக்கக்கூடாது, குரல் கொடுக்காமல் அவர் வெட்டக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

அந்த வருஷம் பிரேசர் டவுனில் ஒரு பங்களா. ரயில்வேயில் இருந்தவரின் விதவை, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, தனியாக இருந்தார். மேம் என்போம். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்ற கவலை மட்டும் அவருக்குக் கிடையாது. அவர் உயிரையே வைத்திருந்தது வாசல் முகப்பில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய கூரையின் மேல். மங்கி டாப் என்பார்கள். அதில் பச்சைச் சாயம் பூசி, தினமும் காலையில் வெளியே வந்து நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

அன்று வீட்டுக்காரர் அந்த மங்கி டாப்புக்கு நேர் மேலே இருந்த கிளையில் கை வைத்திருந்தார். நான் குனிந்து, காலடியில் சிக்கிக் கிடந்த கயிற்றை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். குரலே வரவில்லை. மடமடவென்று சத்தம்தான் வந்தது. நான் துள்ளி ஒதுங்கினேன். கிளை என் பக்கத்தில் விழுந்து, வால் பகுதியால் மேமின் மங்கி டாப்பைச் சில்லுச் சில்லாக்கிவிட்டது.

மேம் வெளியே ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "சொல்றதுக்கு முன்னாடியே இழுத்துட்டா மேம்! இவளுக்கு எத்தினி தடவ சொல்றது! பேசாம வீட்ல கிடந்திருக்கலாம்!"

அண்ணனைப் பார்த்தேன். நான் இழுக்கவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வானத்தில் பருந்து பறப்பதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவன்போல நின்றான். மேம் என்னை நோக்கி விரல் நீட்டி, "யூ! இந்தக் கேட்டுக்கு உள்ளே இனிமே வராதே" என்றார். நான் போனேன். கேட்டை விட்டு மட்டுமில்லை, வீட்டை விட்டும் போனேன். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஜீவனஹள்ளியில் அம்மா வீடு.

பங்களாக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். இவள் கயிறு பிடித்தால் கூரை போய்விடும் என்று ஒரு பேச்சுப் பரவினால் அப்புறம் எந்தக் கேட்டும் எனக்குத் திறக்காது. நான் இலை பொறுக்கப் பிறந்தவள் இல்லை. கிளை எந்தப் பக்கம் சாயும், எந்த நேரத்தில் இழுத்தால் எங்கே விழும் என்பது என் கைக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்கு வேண்டும். எந்த வாயால் பழி போட்டாரோ அந்த வாயாலேயே, அதே மேமுக்கு முன்னால் உண்மையைச் சொல்லவேண்டும். அதுவரை புருஷன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் வந்து கூப்பிட்டார். வாசலிலேயே நின்று, "சரி, போனது போச்சு, வா" என்றார். போனது என் பெயர், எப்படிப் போகட்டும் என்று விடுவேன்? கதவைச் சாத்தினேன். அடுத்த தடவை அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். அல்வாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

இதில் அகப்பட்டுக்கொண்டவன் அண்ணன். வீட்டில் இருந்தது ஒரே அடுப்பு. அண்ணி வைக்கிற குழம்பில் புளி போதவில்லை என்று நான் சொல்வேன், நான் வைக்கிறதில் புளி தவிர வேறொன்றும் இல்லை என்று அண்ணி சொல்வாள். நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எதையும் சொல்லமுடியாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பான். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பருந்து பார்த்தவன்தானே என்று நினைத்ததும் அந்தப் பாவம் போய்விடும்.

ஒரு நாள் காலை, நானும் அம்மாவும் வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையில் வந்தான். தனியாக வந்தான். கையில் வீட்டுக்காரரின் வெட்டுக்கத்தி.

வேலை நேரத்தில் கயிறு பிடிக்கிறவன் தனியாக வீட்டுக்கு வந்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா "யேசுவே" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு எழுந்தாள். அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியது அந்த நொடியில் கண்முன்னே வந்து நின்றது. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அண்ணன் கிட்டே வந்ததும்தான் பார்த்தேன், அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கிளம்பு தங்கச்சி. உன் புருஷன மரத்துல கட்டிப்போட்டுட்டு வந்திருக்கேன்."

பயந்த பயம் அப்படியே கோபமாகத் திரும்பிவிட்டது. நறுக்கிவைத்த அவரைக்காயை அள்ளி அவன் மேல் வீசினேன். அவன் காதில் சிக்கியிருந்த துண்டைத் தட்டிவிட்டுவிட்டு, போகிற வழியில் சொல்றேன் வா என்றான்.

நடந்தது இதுதான். மேமின் மரத்தில் உச்சி வேலை பாக்கி இருந்தது. வீட்டுக்காரர் ஏறுகிறபோதே கீழ்க்கிளைகளை எல்லாம் கழித்துக்கொண்டு போய்விட்டார். உச்சிக்குப் போனதும் அண்ணன் கீழே இருந்து, "மாப்ளே, கத்தி மழுங்கிடுச்சு போல. கீழ விடு, சாணை பிடிச்சு அனுப்புறேன்" என்று கேட்டிருக்கிறான். அவரும் நல்ல பிள்ளையாகக் கத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறார். கத்தி கைக்கு வந்ததும், அண்ணன் ஆள் கயிற்றைப் பக்கத்து மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு மேலே பார்த்து ஒரு நியாயம் பேசியிருக்கிறான்.

"மாப்ளே, நான் உனக்குக் கயிறு பிடிக்கிறது எதுக்கு? என் தங்கச்சி உன் வீட்ல வாழுறா, அதுக்கு. இப்ப அவ எங்க வீட்ல இருக்கா. அப்பறம் நான் ஏன் பிடிக்கணும்?"

"டேய் மச்சான், வெளாடாதே!"

"வெளாடல. வழக்கத்தச் சொல்றேன். அவளக் கூட்டினு வரேன், அதுவரைக்கும் காத்து வாங்கு."

முடிச்சு முதுகில். கால் வைக்கக் கீழே கிளை இல்லை. கத்தி அண்ணன் கையில். அவர் என்ன செய்வார்? என்ன இருந்தாலும் அவன் என் அண்ணன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

பங்களா கேட்டுக்கு வெளியிலிருந்தே அவர் கத்துவது கேட்டது. சில்வர் ஓக் பூத்திருந்த நேரம். பூவில் தேன் வடியும், தேனுக்குக் கட்டெறும்பு வரும். எறும்புகளுக்கு அன்றைக்குத் தேனோடு அவரும் கிடைத்திருந்தார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான் இது, கூட்டினு வரப் போனியா, சந்தைக்குப் போனியா?" என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"உன் பொண்டாட்டி வந்திருக்கா. பேசு" என்றான் அண்ணன்.

"கீழ எறங்கிப் பேசுறேன்."

"பேசிட்டு எறங்கு."

"எங்கிட்ட ஒண்ணும் பேச வாணாம்" என்றேன் நான். ஊருக்கு முன்னால் அவரை நீங்க என்பேன். கோபம் வந்தால் நீதான். "மேம்கிட்டப் பேசு. அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு சொல்லு."

சத்தம் கேட்டு மேம் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கேட்டுக்கு உள்ளே பார்த்ததும் முகம் சிவந்தது. "யூ! நான் உன்னெ வராதே சொன்னேன்!"

"நான் வரல மேம். மேல இருக்கிறவருக்கு உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். கேட்டுட்டுப் போயிடுறேன்."

மேம் மேலே பார்த்தார். "என்னா மேன்? என்னா சொல்றே?"

அவர் தொடையில் ஒரு எறும்பைத் தட்டினார். "அன்னிக்குப் பெரிய காத்து மேம்" என்றார்.

"காத்தா? அன்னிக்கு ஒரு இலகூட அசையல" என்றேன்.

"அப்ப கத்தி வழுக்கியிருக்கும்."

"குரல் குடுத்தியா இல்லியா? அத சொல்லு!"

அவர் முழங்காலைச் சொறிந்தார். அண்ணன் என்னிடம் மெதுவாக, "எறும்பு வேலைய முடிச்சுடும், பொறு" என்றான்.

எறும்பு முடித்துவிட்டது. "ஐயோ! நான்தான் மேம்! நான் குரல் குடுக்கல! அவ இழுக்கல, நான் சொல்லாம வெட்டிட்டேன்!"

மேம் என்னைப் பார்த்தார், உடைந்துபோன மங்கி டாப்பைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். சமையலறையில் பூனை நடந்தால்கூட முன்வாசலில் இருந்து அதட்டுகிற காது அவருடையது. அந்தக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "ஹான்? எனக்கு வயசு ஆச்சு மேன். கேக்கலே. சத்தமா சொல்லு" என்றார்.

எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவர் சொன்னார். அரைகுறை இங்கிலீஷில் ஒரு தடவை, "மை மிஸ்டேக் மேம், வைஃப் நோ புல்!" என்று. பிறகு தமிழில். பிறகு பக்கத்து பங்களாத் தோட்டக்காரனுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ கன்னடத்திலும். ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டு, குதிரையைத் தட்டிக்கொண்டு போனான். ஒரு பேச்சுப் பரவவேண்டுமென்றால் ஜட்காக்காரனைவிட நல்ல ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

"நாளைக்கு நீ வா" என்றார் மேம் என்னிடம். "கயிறு நீ பிடி. இவனெ நம்பாதே." குடையைத் தட்டிக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார். உள்ளே போகவில்லை. மீதியையும் பார்க்காமல் அவர் எப்படிப் போவார்?

அண்ணன் ஆள் கயிற்றின் கட்டை அவிழ்த்து, இறக்கத் தயாரானான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"தள்ளு. நான் இறக்குறேன்."

"இது கிளை இல்ல தங்கச்சி, ஆளு."

"என் கை தப்புக் கைன்னு சொன்னப்ப நீ பருந்து பாத்துனு நின்னவன்தானே? இப்பவும் பாரு, போ."

அவன் கயிற்றைக் கொடுத்துவிட்டான். மேலே இருந்தவர் பதறிவிட்டார். "மச்சான்! அவ கையில குடுக்காதே! அவ கோவத்துல இருக்கா! கண்ண பாரு!"

"கண்ணால கயிறு பிடிக்கமாட்டேன், கவலப்படாதே" என்று சத்தம் போட்டேன்.

அண்ணன் என்னிடம் அடிக்கடி சொல்லிக் குறைப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. எத்தனை வருஷம் கயிறு பிடித்தும் மாப்பிள்ளை அவனிடம் முழுக் கனத்தையும் கொடுத்ததில்லையாம். இறங்குகிறபோது ஒரு கையோ காலோ எப்போதும் மரத்தின் மேல் இருக்குமாம். மச்சான்தான், ஆனாலும் ஒரு யோசனை. அதனால் அவர் மரத்தைக் கட்டிக்கொண்டுதான் சறுக்கி வருவார் என்று நினைத்துக் காலை ஊன்றி நின்றேன்.

மேலே அவர் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் குரல் வந்தது. கத்தவில்லை, வீட்டில் பேசுகிற குரல். "பிடிச்சினு இருக்கியாம்மே?"

"பிடிச்சினு இருக்கேன்."

"வரேன்."

கயிறு விண்ணென்று இறுகியது. என் குதிகால் மண்ணில் ஒரு சாண் உழுதது. நிமிர்ந்து பார்த்தேன். கையையும் காலையும் மரத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தரத்தில், முழு ஆளாகத் தொங்கினார். கோபம் இன்னும் மண்டைக்குள் இருந்தது. கைக்கு மட்டும் அது தெரியவில்லை. கயிறு சுற்றியிருந்த மரம் பாதிக் கனத்தைத் தாங்கியது, மீதியை நான் தாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டேன். மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளவில்லை. அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட ஒரு நாளும் இப்படி வரல" என்று அவன் முனகியது காதில் விழுந்தது.

அவர் கால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். முதுகு முடிச்சில் குனிந்து தொங்கியதால் அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. வெட்டிய இலையும் எறும்பும் தலையெல்லாம். கயிற்றில் மெல்லச் சுழன்று அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன். இதை மேமுக்குக் கேட்கும்படி கேட்கவில்லை.

"அதான் சொல்லிட்டேனே."

"நீ குரல் குடுக்கலன்னு சொன்னே. என் மேல ஏன் பழி போட்டேன்னு சொல்லல."

அவர் மறுபடியும் சுழன்று போனார். முகம் இந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்தேன்.

"கிளை முறிஞ்சதும் கீழ பாத்தேன். நீ அதுக்கு அடியில குனிஞ்சினு இருந்தே." முகத்தில் ஒட்டியிருந்த இலையை எடுத்தார். "துள்ளாம இருந்திருந்தா உன் தல மேலதான். என் கையாலே. அத எப்படிம்மே நான் வாயால சொல்லுவேன்? என்னமோ வந்துச்சு, கத்திட்டேன். உன் தப்புன்னு ஆயிட்டா நான் உன்ன... அது என் தப்பு இல்லன்னு ஆயிடும்னு..."

பெற்ற தாய் செத்த அன்றைக்குக்கூட அழாத மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கிளை நினைவுக்கு வந்தது. அத்தனை நாளும் என் பெயர் போனதையே நினைத்துக்கொண்டிருந்தேன்; அன்றைக்கு என் தலையே போயிருக்கும் என்பதை நான் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. இவர் ஒவ்வொரு ராத்திரியும் தனியாகப் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்திருக்கிறார். அல்வாவோடு வாசலில் நின்றபோதும் அதைத்தான் சொல்ல வந்திருப்பார்.

அழுகை வந்தது. மேம் பார்க்கிறார், அண்ணன் பார்க்கிறான். அவர்கள் முன்னால் நான் அழுவேனா? கயிற்றைப் படக்கென்று விட்டேன்.

அவர் வெட்டிப்போட்ட இலைக்குவியலில் பொத்தென்று குந்தினார். வராந்தாவில் மேம் கைதட்டினார்.

"அடிப்பாவி!" என்று இலைக்குள்ளிருந்து கத்தினார். "ஒரு குரல் குடுத்துட்டு விடமாட்டே?"

"அன்னிக்கு நீ குடுத்தியா?" என்றேன்.